புளோறன்ஸின் இடப்பக்கம்

இரவீந்திரன் அந்தச் செய்தியை வானொலியில்தான் கேட்டார். பெப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி இருக்கும். இரவு கொட்டிய பனியை நான்கு வாசல்களிலும் அள்ளி ஒதுக்கி, படிகளில் சரளைக்கல் தூவிவிட்டு, குடியிருப்புத் தொகுதியின் நிலக்கீழ் அறைக்கு வந்து கோப்பி ஊற்றிக்கொண்டிருந்தார். அங்கே அவர் பதினெட்டு வருடமாக வக்ட்மெஸ்தர். பனி அள்ளுவது, மாடிப்படி விளக்கு மாற்றுவது, அடைத்த குழாயைப் பார்ப்பது, சாவி தொலைத்தவர்களுக்குக் கதவு திறந்து கொடுப்பது எல்லாம் அவர் பாடு. வயது அறுபத்து மூன்று.

“எழுபத்தொன்பது வயதில் புளோறன்ஸ் மீண்டும் ஒரு இசைத்தட்டுக்குப் பாடுகிறார். முப்பத்தொரு வருட இடைவெளி,” என்றார் அறிவிப்பாளர்.

அதன்பிறகு புளோறன்ஸே பேசினார். கரகரத்த, அவசரமில்லாத குரல். ஒஸ்லோவில் நாற்பது வருடத்துக்கு மேல் இருந்தும் பெல்ஜியத்து இழுவை போகாத நோர்வேஜிய மொழி.

“இந்த முறை ஒரு செல்லோ. காலால் மிதித்து வாசிக்கிற ஒரு பழைய ஓர்கன். அவ்வளவுதான். மற்ற எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டேன்.”

மற்ற எல்லாம் என்றால் என்ன என்பது இரவீந்திரனுக்குத் தெரியும். புளோறன்ஸின் பாட்டோடு மற்றது என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். இரவீந்திரனின் அக்கோடியன்.

வானொலியை நிறுத்திவிட்டு மறுபடி வெளியே போனார். ஐந்தாம் வாசல் அவர் பொறுப்பில் இல்லை. அன்றைக்கு அதையும் அள்ளினார்.

புளோறன்ஸ் லியேஜ் நகரத்தில் பிறந்தவர். பிரெஞ்சில் பாடுகிறவர். எழுபதுகளில் பிரசெல்ஸின் சிறிய மதுச்சாலைகளில் பாடி, இரண்டு இசைத்தட்டும் போட்டு ஓரளவு பெயர் எடுத்திருந்தார். பிறகு நோர்வேக்காரக் கப்பல் பொறியியலாளர் ஒருவரைக் கலியாணம் செய்துகொண்டு ஒஸ்லோவுக்கு வந்தார். மூன்றாவது இசைத்தட்டு இங்கே வந்தபின் போட்டது. அதை வாங்கியவர்கள் எல்லாருடைய பெயரும் தனக்குத் தெரியும் என்று அவரே பகிடியாகச் சொல்லுவார். கணவர் இறந்து கன காலம். பிள்ளைகள் இல்லை.

1999இல் அவர் நூலகம் ஒன்றின் அறிவித்தல் பலகையில் கையால் எழுதிய துண்டு ஒன்றைக் குத்தியிருந்தார். “பாடகிக்கு அக்கோடியன் வாசிப்பவர் தேவை. பிரெஞ்சு தெரிய வேண்டியதில்லை. பொறுமை வேண்டும்.”

இரவீந்திரனுக்குப் பிரெஞ்சு தெரியாது. பொறுமை இருந்தது. அகதியாக வந்த முதல் ஆறு வருடம் வடக்கே ஒரு மீன் தொழிற்சாலையில் வேலை செய்தார். சூரியன் எட்டிப் பாராத குளிர்காலங்கள். ஊர் மாறிப் போன ஒரு தொழிலாளியிடம் அந்த அக்கோடியனை வாங்கி, முன்பு பள்ளிக்கூடத்தில் ஓர்கன் வாசித்த கையை வைத்துக்கொண்டு தானாகவே பழகியிருந்தார்.

அந்தத் துண்டைப் பார்த்துப் போன நாளிலிருந்து சனிக்கிழமை காலை பதினொரு மணி புளோறன்ஸுக்கு. தான் குடியிருக்கும் ஹவுகன்ஸ்டுவாவில் ரயில் ஏறி, நகரத்தில் இறங்கி, ட்றாம் பிடித்துத் தோர்ஸ்ஹோவில் அவருடைய இரண்டாம் மாடி வீட்டுக்குப் போவார். முதுகில் பதினொரு கிலோ அக்கோடியன். முதியோர் இல்லங்கள், நூலக மண்டபங்கள், பிரெஞ்சு படிப்பவர்களின் சங்கம், ஒருமுறை ஒரு செத்தவீடு என்று இருவரும் சேர்ந்து போகாத இடம் இல்லை. பேசிக்கொள்வது நோர்வேஜிய மொழியில். அது இரண்டு பேருக்கும் சொந்தமில்லை. அந்த மொழியில் சின்னவர், பெரியவர் எல்லாருக்கும் ‘டு’ ஒன்றுதான், நீ என்று அர்த்தம். ஆனாலும் இரவீந்திரன் மனதுக்குள் அவரை எப்போதும் நீங்கள் என்றே சொல்லிக்கொண்டார்.

பாட்டுகளைத் தமிழ் எழுத்தில் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தார். ‘இல் ரெஸ்த் யூன் ஷேஸ்’ என்று ஒரு பாட்டுத் தொடங்கும். ஒரு கதிரை மிச்சமிருக்கிறது என்று அர்த்தமாம். பாடகி எங்கே மூச்சு எடுப்பார், எந்தச் சொல்லை இழுப்பார் என்று தெரிந்தால்தானே கை சரியாகப் போகும்? இருபத்தாறு வருடத்தில் கொப்பி ஐந்து ஆகிவிட்டது. சொற்கள் எல்லாம் பாடம். அர்த்தம்தான் பாதிக்கு மேல் தெரியாது.

மேடையில் அவர் புளோறன்ஸுக்கு இடப்பக்கம், ஒரு அடி பின்னால் இருப்பார். கடந்த நாலைந்து வருடமாக ஒரு பழக்கம் வந்திருந்தது. பாட்டின் நடுவில் புளோறன்ஸ் சபையை விட்டுவிட்டுத் தலையை இடப்பக்கம் திருப்புவார். இரவீந்திரனைப் பார்த்தபடியே இரண்டு மூன்று வரி பாடுவார். முதல் தடவை அப்படி நடந்தபோது அவருக்குக் கை தடுமாறியது. பிறகு அதற்காகவே காத்திருக்கத் தொடங்கினார். அது என்ன பார்வை என்று அவர் தனக்குத்தானே கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டால் போய்விடுமோ என்று இருந்தது. மனைவி வசந்தமலர் பிரிந்து லில்லெஸ்ட்ரோமுக்குப் போய் ஒன்பது வருடம். மகள் றொஷானி ஸ்தவாங்கரில் எண்ணெய்க் கொம்பனி ஒன்றில் பொறியியலாளர். கிழமையில் ஆறு நாள் யாரும் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. சனிக்கிழமை ஒருத்தர் பார்த்தார்.

இந்த ஜனவரியில் புளோறன்ஸ் தனக்குத் தடிமன், மூக்கு அடைத்திருக்கிறது, வர வேண்டாம் என்றார். அடுத்த கிழமையும் தடிமன். அதற்கடுத்த கிழமையும். நாலாவது கிழமை இரவீந்திரன் கேட்கவில்லை. அதற்குப் பிறகுதான் வானொலி.

அந்தக் கிழமையே வசந்தமலர் ரெலிபோன் எடுத்தாள்.

“றொஷானி ஈஸ்டருக்கு வாறாளாம். முதல் ரெண்டு நாள் என்னோடை, பிறகு உங்களோடை. வீட்டைக் கொஞ்சம் கூட்டி வையுங்கோ.”

“ஓம்.”

“என்ன, குரல் ஒரு மாதிரிக் கிடக்கு?”

சொல்வதில்லை என்றுதான் நினைத்தார். சொல்லிவிட்டார்.

“உங்களுக்கு ஒரு சொல்லும் சொல்லேல்லையோ?”

“இல்லை.”

“இருவத்தாறு வருசம்,” என்றாள் வசந்தமலர். “றொஷானியின்ரை பிறந்தநாள், பள்ளிக்கூடத்து விளையாட்டுப்போட்டி, நான் ஒப்பரேசன் செய்து கிடந்தது, எல்லாம் சனிக்கிழமையிலைதான் வந்தது. இப்பிடி ஒண்டு நடந்தால் எனக்குச் சந்தோசமா இருக்கும் எண்டு நினைச்சிருந்தனான். வருகுதில்லை.”

மார்ச் மாதம் எமா என்ற பெண் அழைத்தாள். இசைத்தட்டைத் தயாரிப்பது தான்தான் என்றாள். “நாளைக்கு ஸ்ரூடியோவுக்கு வர முடியுமா? புளோறன்ஸ் உங்களைக் கேட்கிறார்.”

இரவீந்திரன் வேலைக்கு லீவு சொன்னார். அன்று மாலை அக்கோடியனைக் கட்டிலுக்குக் கீழிருந்து எடுத்துத் துடைத்து, வார்களைச் சரிசெய்து, புளோறன்ஸ் அடிக்கடி பாடுகிற பதினான்கு பாட்டையும் ஒரு தடவை வாசித்துப் பார்த்தார். கை ஓடியது. அடுத்த நாள் தாடியை மழித்துக்கொண்டு புறப்பட்டார்.

ஸ்ரூடியோ ஆற்றங்கரையில், முன்னொரு காலத்தில் துணி நெய்த தொழிற்சாலைக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தது. லிஃப்ட் இல்லை. எமாவுக்கு நாற்பது வயதிருக்கும். கதவைத் திறந்தவளின் சிரிப்பு அவர் முதுகில் இருந்த பெட்டியைக் கண்டதும் அப்படியே நின்றது.

“ஓ,” என்றாள். “அதை இங்கே வைக்கலாம். இந்தக் கோட் மாட்டுகிற இடத்தில்.”

உள்ளே ஒரு செல்லோக்காரரும் ஓர்கனுக்கு முன்னால் ஒரு பெண்ணும் இருந்தார்கள். புளோறன்ஸ் எல்லாரையும் கோப்பி குடிக்க அனுப்பினார். கறுப்புக் கம்பளிச் சட்டை போட்டிருந்தார். உதட்டில் வழமையான சிவப்பு.

“என்மேல் கோபமா?”

“தடிமன் சுகமா?” என்று கேட்டார் இரவீந்திரன்.

புளோறன்ஸ் பக்கத்துக் கதிரையைக் காட்டினார். இரவீந்திரன் அதில் இருக்கவில்லை.

“தடிமன் இல்லை. சொற்கள் போகின்றன,” என்றார் புளோறன்ஸ். “மற்றது எதுவும் போகவில்லை. மருந்து எத்தனை மணிக்கு என்று தெரியும். உன் பிறந்தநாள் ஜூன் பதினாறு. பாட்டுத் தொடங்கினால் இரண்டாம் பத்தியில் சொல் இல்லை. வாய் திறந்திருக்கிறது, சொல் இல்லை. தாளைப் பார்த்துப் பாடினால் செய்தி வாசிப்பது போல இருக்கிறது என்கிறாள் எமா. காதுக்குள் கருவி வைத்துச் சொல்லிப் பார்த்தார்கள். பிந்திவிடுகிறேன். அவளே முன்னால் நின்று வாயசைத்தும் பார்த்தாள். பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு படித்தவள். அவள் வாயைப் பார்த்தால் எனக்குப் பாட்டு வரவில்லை.”

“நான் என்ன செய்ய வேண்டும்?”

“இவ்வளவு நாளும் செய்ததைத்தான். நாலு வருடமாக நான் உன் வாயைப் பார்த்துத்தானே பாடுகிறேன்.”

இரவீந்திரனுக்கு விளங்கவில்லை.

“வாசிக்கும்போது உன் வாய் அசையும். ஒவ்வொரு சொல்லுக்கும். உனக்கே தெரியாதா?”

தெரியாது. ஒருவரும் சொன்னதில்லை. அவர் தன் கையை எடுத்து உதட்டில் வைத்துப் பார்த்தார்.

“அப்படியென்றால், நீங்கள் என் பக்கம் திரும்பிப் பார்த்தது…”

“சொல்லுக்காக,” என்றார் புளோறன்ஸ். மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் வேறு ஒன்றும் சேர்த்துச் சொல்லவில்லை.

“அக்கோடியன்?”

“அது வேண்டாம் என்கிறாள். அக்கோடியன் சத்தம் கேட்டதும் எல்லாருக்கும் தபாலட்டையில் இருக்கிற பாரிஸ்தான் ஞாபகம் வருமாம். நான் பாரிஸ்காரியும் இல்லை. அவள் சொல்வது சரி. அதை உனக்குச் சொல்ல வெட்கமாக இருந்தது. மறக்கிறது என்று சொல்ல அதைவிட வெட்கம். எமாவிடம் சொல்ல முடிந்தது. உன்னிடம் முடியவில்லை.”

இரவீந்திரன் வெளியே வந்தார். பெட்டியை முதுகில் மாட்டிக்கொண்டு மூன்று மாடியும் இறங்கினார். ஆறு ஓரங்களில் உறைந்து நடுவில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பாலத்தில் நின்றபோது காது எரிந்தது. அப்போதுதான் தொப்பியை மேலே விட்டுவிட்டது தெரிந்தது. பூச்சியத்துக்குக் கீழே பத்துப் பாகை குளிரில் தொப்பியில்லாமல் ஹவுகன்ஸ்டுவா வரை போக முடியாது. திரும்பி ஏறினார்.

கோட் மாட்டும் இடத்தில் தொப்பி இருந்தது. உள்கதவு சரியாகச் சாத்தப்படவில்லை. புளோறன்ஸ் அந்தக் கதிரைப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார். இரண்டாம் பத்தியில் நின்றது. செல்லோவும் நின்றது. மறுபடி தொடங்கினார்கள். அதே இடத்தில் நின்றது. மூன்றாம் தடவை புளோறன்ஸ் நின்றபோது, நடைபாதையில் தொப்பியோடு நின்ற இரவீந்திரனின் வாய் அடுத்த சொல்லைச் சொல்லி முடித்திருந்தது. இந்தத் தடவை அது அசைந்ததை அவரே உணர்ந்தார்.

உள்ளே யாரும் கோபப்படவில்லை. ஒரு வயது போன மனுசி மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது. இரவீந்திரன் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுக் கதவைத் தள்ளினார்.

ஒலிப்பதிவு எட்டு நாள் நடந்தது. அவருக்கு ஒரு முக்காலி கொடுத்தார்கள். புளோறன்ஸுக்கு நேர் எதிரே, ஒரு மீற்றர் தூரம். நைலோன் ஜக்கற் சரசரக்கிறது என்று கழற்ற வைத்தார்கள். கைக்கடிகாரத்தையும் வாங்கி வைத்தார்கள். இரண்டாம் நாள் அவருடைய வயிறு இரைந்து ஒரு நல்ல பதிவு கெட்டுப்போனது. அன்றிலிருந்து எமா காலையில் அவருக்குப் பாணும் வெண்ணெயும் கொண்டுவந்து, அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

இருபத்தாறு வருடமும் பக்கத்திலிருந்தே பார்த்த முகத்தை இப்போதுதான் நேரே பார்த்தார். பாடும்போது புளோறன்ஸின் இடது புருவம் தனியாக உயர்வது அவருக்குத் தெரியாது. கழுத்து நரம்பு சொல்லுக்கு முன்பே எழும்புவதும் தெரியாது. அவர் சத்தமில்லாமல் சொல்லைக் காட்டுவார். புளோறன்ஸ் அதை எடுத்துக்கொண்டு, கொஞ்சம் வைத்திருந்து, பிறகு பாடுவார். இவ்வளவு நேரம், இவ்வளவு கவனமாக, ஒரு மனிதப் பிறவி அவருடைய முகத்தைப் பார்த்ததே இல்லை. அந்தப் பார்வை நின்றது கண்ணுக்கு மூன்று விரல் கீழே.

புதுப்பாட்டு ஒன்று இருந்தது. புளோறன்ஸ் போன வருடம் எழுதியது. அதை அவர் சொல்லச் சொல்ல இரவீந்திரன் கொப்பியில் தமிழில் எழுதினார்.

“இது என்ன பாட்டு?”

“ஒரு பெண் சமையலறையில் வானொலியை நிறுத்துகிறாள். பிறகு யோசிக்கிறாள், ஏன் நிறுத்தினேன், இனி இந்த வீட்டில் யார் பேசப்போகிறார்கள் என்று.”

“பிறகு?”

“பிறகு திரும்பவும் போடுகிறாள். அவ்வளவுதான்.”

கடைசி நாள் எமா பதிவுகளைப் போட்டுக் காட்டினாள். இரவீந்திரன் சுவரோடு சாய்ந்து நின்று கேட்டார். அக்கோடியன் இல்லாத புளோறன்ஸை அவர் அதற்கு முன்பு முழுதாகக் கேட்டதில்லை. உடைந்த குரல், உடைந்த இடமெல்லாம் தெரியும்படி வந்துகொண்டிருந்தது. மறைக்க ஒன்றுமில்லை. நன்றாக இருந்தது. தான் கூட இருந்து வாசித்த எந்த நாளையும்விட நன்றாக இருந்தது. இத்தனை வருடமும் அந்தக் குரலைத் தான் மூடிக்கொண்டு இருந்தேனோ என்ற எண்ணம் வந்தது. வந்த எண்ணம் போகவில்லை.

புளோறன்ஸ் முகம் கழுவப் போன நேரத்தில் எமா அவர் பக்கத்தில் வந்தாள்.

“உறையில் உங்கள் பெயரைப் போட வேண்டும். என்னவென்று போடுவது என்றுதான் தெரியவில்லை. புளோறன்ஸ் போட வேண்டாம் என்கிறார். போட்டால் ஏன் எதற்கு என்று கேட்பார்கள், மறதி வெளியே வந்துவிடும் என்று பயப்படுகிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. நீங்கள் கேட்டால் நான் அவரோடு பேசுகிறேன்.”

“அவர் சொன்னபடியே செய்யுங்கள்,” என்றார் இரவீந்திரன்.

எமா அவர் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். பெரிய மனசு என்றாள். ட்றாமில் வரும்போது அது பெரிய மனசு இல்லை என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது. பெயரைப் போட்டால் அக்கோடியன் என்று போட முடியாது. வாய் என்று போட வேண்டும். மகளுக்கு அதை எப்படிச் சொல்வது?

செப்டெம்பரில் இசைத்தட்டு வெளிவந்தது. பத்திரிகைகள் நன்றாக எழுதின. ஒரு பெரிய பத்திரிகையில் அரைப்பக்கம் வந்தது. புளோறன்ஸ் சொற்களுக்கு நடுவில் விடுகிற இடைவெளிகளைத்தான் அந்த விமர்சகர் அதிகம் புகழ்ந்திருந்தார். ஒவ்வொரு சொல்லையும் அவர் மிகத் தொலைவிலிருந்து போய் எடுத்து வருவதுபோல் இருக்கிறதாம். இளம் பாடகர்கள் இந்தத் துணிவைப் பழக வேண்டுமாம். இரவீந்திரன் நிலக்கீழ் அறையில் இருந்து அதை இரண்டு தடவை வாசித்தார். பிறகு ஏழாம் இலக்க வீட்டில் கழுவுதொட்டி அடைத்துவிட்டது என்று அழைப்பு வந்தது. போனார்.

வெளியீட்டுக் கச்சேரி ஒக்டோபரில் ஒரு ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்கு. எமா அவருக்கு இரண்டு ரிக்கற் தந்திருந்தாள். றொஷானிக்கு ஸ்தவாங்கரில் வேலை. வசந்தமலரைக் கேட்டார்.

“உந்தப் பாட்டு எனக்கு விளங்காதே,” என்றாள்.

“எனக்கும் விளங்காது.”

சிரித்துவிட்டு வருகிறேன் என்றாள்.

மண்டபம் அரைவட்டமாக இருந்தது. முன்னூறு பேர் வரை. இரவீந்திரனுக்கு முதல் வரிசையில், புளோறன்ஸ் நிற்கும் இடத்துக்கு இடப்பக்கமாக ஒரு இருக்கை. அவர் முகத்தில் விழும்படி ஒரு சின்ன விளக்கை எமா யாருக்கும் தெரியாமல் திருப்பி வைத்திருந்தாள். பக்கத்து இருக்கை காலியில்லை. வசந்தமலருக்கு எதிர்ப்பக்கம், வளைவின் மறு ஓரத்தில் இடம் கிடைத்தது.

புளோறன்ஸ் வந்து நின்றார். கைதட்டல் அடங்கியது. செல்லோ தொடங்கியதும் கண்ணை மூடினார். மூடிய கண்ணோடு முதல் பத்தியைப் பாடினார். இரண்டாம் பத்தியும் வந்தது. இரவீந்திரன் தயாராக முன்னுக்கு வளைந்து சொற்களைக் காட்டிக்கொண்டே இருந்தார். புளோறன்ஸ் கண் திறக்கவில்லை. அடுத்த பாட்டில் திறந்தார், திறந்து பின்வரிசைகளைப் பார்த்துப் பாடினார். கதிரைப் பாட்டு, வானொலிப் பாட்டு, பதினொரு பாட்டும் ஒரு சொல் பிசகாமல் வந்தன. இடப்பக்கம் அவர் ஒரு தடவையும் திரும்பவில்லை. இரவீந்திரனால் நிறுத்தவும் முடியவில்லை. தான் நிறுத்துகிற அந்தக் கணத்தில் தேவைப்பட்டுவிட்டால்? கடைசிப் பாட்டின் கடைசிச் சொல் வரை, யாரும் பார்க்காத சொற்களை அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். மண்டபம் எழுந்து நின்று தட்டியது. அவரும் எழுந்தார். தாடை வலித்தது.

மேடைக்குப் பின்னால் பூவும் சனமுமாக இருந்தது. கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு ஓரத்தில் காத்து நின்றார். புளோறன்ஸ் அவரைக் கண்டதும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்தார். கன்னம் சிவந்திருந்தது.

“எல்லாம் வந்தது! எங்கிருந்து வந்தது என்று தெரியாது. எல்லாம் வந்தது!”

“கேட்டேன். மிக நன்றாக இருந்தது.”

“நான் லியேஜுக்குப் போகிறேன்,” என்றார் புளோறன்ஸ், அதே மூச்சில். “நவம்பர் முடிவில். தங்கையின் மகள் வீட்டில் ஒரு அறை இருக்கிறது. அங்கே எல்லாரும் என் மொழி பேசுகிறவர்கள். சொல் தொலைந்தால் கடைக்காரன்கூட எடுத்துத் தருவான்.”

“ஓம்,” என்றார் இரவீந்திரன். தமிழில் சொன்னது பிறகுதான் தெரிந்தது. புளோறன்ஸுக்கு அது விளங்கியது போலத்தான் இருந்தது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் யாரோ ஒரு பத்திரிகைக்காரர் குறுக்கே வந்துவிட்டார்.

இரண்டு பேருக்கும் ஒரே ரயில். ஹவுகன்ஸ்டுவா முன்னால் வரும், லில்லெஸ்ட்ரோம் கடைசி. வசந்தமலர் யன்னலோரம் இருந்தாள். நல்ல கோட்டும் மெல்லிய சங்கிலியும் போட்டிருந்தாள். தலைமயிர் வெட்டியிருந்தது அவருக்கு இப்போதுதான் கண்ணில் பட்டது. ஸ்ரூடியோவில் நடந்ததை அவர் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. இப்போது சொன்னார். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

“அந்த மனுசி இண்டைக்கு ஒருக்காலும் உங்களைப் பாக்கேல்லை,” என்றாள்.

“தேவை வரேல்லை.”

“நீங்கள் கடைசி மட்டும் வாயை அசைச்சுக்கொண்டுதான் இருந்தீங்கள்.”

இரவீந்திரன் திரும்பிப் பார்த்தார். “தெரிஞ்சதோ?”

“நான் பாட்டைக் கேக்கேல்லை. எதிர்ப்பக்கமாத்தானே இருந்தனான், உங்களைத்தான் பாத்துக்கொண்டு இருந்தனான். முதல்லை பாவமாக் கிடந்தது. பிறகு கோவம் வந்தது.”

“ஏன் கோவம்?”

“எனக்கு முன்னாலை ஒரு நாளும் வாய் திறக்காத மனுசன். சாப்பாடு நல்லாயிருக்கோ எண்டு கேட்டாலும் தலையாட்டிற மனுசன். ரெண்டு மணித்தியாலம் ஆருக்கோ சத்தமில்லாமல் கதைச்சுக்கொண்டு இருக்கிறார். எனக்கு வரவேண்டியது எல்லாம் அங்கை போய்க் கிடந்திருக்கு.”

குரூருட் நிலையத்தில் ரயில் நின்று புறப்பட்டது. ஒரு தாயும் மூன்று பிள்ளைகளும் ஏறி, சோமாலி மொழியில் சண்டை பிடித்துக்கொண்டு அடுத்த பெட்டிக்குப் போனார்கள்.

“புளோறன்ஸ் ஊருக்குப் போறா,” என்றார். “ஒரேயடியா.”

“அப்ப இனிச் சனிக்கிழமையிலை என்ன செய்யப்போறியள்?”

“தெரியாது.”

“வாங்கோ எண்டு நான் சொல்லமாட்டன். சனிக்கிழமையிலை எனக்குத் தமிழ்ப் பள்ளிக்கூடம். மூண்டாம் வகுப்பு, பதினேழு பிள்ளையள். எல்லாம் எறும்புமாதிரி.” ரயில் வேகம் குறைந்தது. வசந்தமலர் கைப்பையைத் திறந்து எதையோ தேடிவிட்டு மூடினாள். “நாலு மணிக்குப் பிறகு வீட்டிலை நிப்பன். ரெலிபோன் எடுங்கோ. எடுத்தால் கதைக்க வேணும். பேசாமல் இருக்கிறதெண்டால் எடுக்கவேண்டாம்.”

அவர் இறங்கினார். கதவு மூடியது.

நவம்பர் கடைசி வியாழன் புளோறன்ஸ் விமானம் ஏறினார். எமாதான் கொண்டுபோய் விட்டாள். அதற்கு அடுத்த சனிக்கிழமை நாலு மணி பத்து நிமிடத்துக்கு இரவீந்திரன் லில்லெஸ்ட்ரோமுக்கு அழைத்தார்.

“ஓம், சொல்லுங்கோ,” என்றாள் வசந்தமலர்.

அவர் பனி தொடங்கிவிட்டது என்றார். அங்கேயும் என்றாள். றொஷானிக்கு நத்தாருக்கு எத்தனை நாள் லீவாம் என்று கேட்டார். சொன்னாள். மூன்றாம் வாசலில் விளக்கு எரியவில்லை, திங்கட்கிழமை மாற்ற வேண்டும் என்றார். அவள் சொல் ஒன்றும் எடுத்துக் கொடுக்கவில்லை. ரெலிபோனுக்குள் அவளுடைய வீட்டுக் கேத்தல் கொதிக்கிற சத்தம் கேட்டது. இரவீந்திரன் சமையலறை நடுவில் நின்றார். வாயைத் திறந்தார். மூடினார்.

“காலமை பெட்டியை எடுத்துக்கொண்டு ஸ்ரேசனுக்குப் போயிட்டன்,” என்றார் கடைசியில். “பழக்கத்திலை. ரயிலும் வந்தது.”

“ஏறினீங்களோ?”

“இல்லை. அது போனாப் பிறகும் கொஞ்ச நேரம் நிண்டனான். ஏன் நிண்டனான் எண்டு தெரியாது. ஒருத்தரும் இல்லை அங்கை. பிறகு குளிர்ந்தது, வந்திட்டன்.”

கேத்தல் சத்தம் நின்றது. அவள் மூச்சு விடுவது கேட்டது.

“சாப்பிட்டீங்களோ?”

“இன்னும் இல்லை.”

“போய்ச் சாப்பிடுங்கோ,” என்றாள் வசந்தமலர். “வாற கிழமை எடுங்கோ.”

ரெலிபோனை மேசையில் வைத்தார். வெளியே நாலரைக்கே இருண்டுவிட்டிருந்தது. எதிர்க் கட்டடத்தின் யன்னல்களில் ஒவ்வொன்றாக வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. நேற்றைய சோறும் மீன்குழம்பும் குளிர்சாதனப் பெட்டியில் இருந்தன. சூடாக்கி, ஒரு தட்டில் போட்டுக்கொண்டு, மேசைக்கு முன்னால் இருந்து சாப்பிட்டார்.